ஐந்து இலட்ச ரூபா ஆய்வு நிதி: எடுக்கலாமா, விடலாமா?

எம்.டி. என்ற பட்டப்பின் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டோ முடிக்கும் நிலையிலோ யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, சொந்தமாக ஒரு ஆய்வுக் கேள்வியை மனதில் வைத்திருக்கும் ஆள் நீங்கள் என்றால், இளைய மருத்துவ ஆய்வாளர்களுக்கான இந்தச் சிறு நிதிக்கு விண்ணப்பியுங்கள். குறைகள் இருக்கின்றன, சில குறைகள் பெரியவை, எல்லாவற்றையும் கீழே ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். ஆனாலும் விண்ணப்பியுங்கள். நிதி தரும் அமைப்பின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே வேலை செய்பவர்களில் பலர் நல்ல மனதோடு உதவியவர்கள், விதிகளின் குறைக்காக அவர்களுடைய பெயரை இழுக்க விருப்பமில்லை.

திட்டம் இதுதான். இரண்டு வருடத்துக்கு ஐந்து இலட்சத்துக்குக் கிட்டிய தொகை, மூன்று தவணையாக வரும். பட்டப்பின் படிப்பு முடித்துச் சில வருடங்களே ஆன மருத்துவர்களும் இளைய விரிவுரையாளர்களும் கேட்கலாம். சம்பளம் கிடையாது, கணினி வாங்க முடியாது, வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகக் காசு இல்லை. பரிசோதனைக் கிட், இரசாயனங்கள், ஆய்வுகூடக் கட்டணம், தரவு சேகரிக்கும் உதவியாளருக்கு ஒரு சிறு கொடுப்பனவு, உள்ளூர்ப் பயணம், அவ்வளவுதான். என்னோடு வேலை செய்யும் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றார். தொகையை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச்., ஆர்03 என்ற பெயரில் கொடுப்பதையும் சிறு நிதி என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அது வருடத்துக்கு 50,000 டொலர் வரை, இரண்டு வருடத்துக்கு. டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி. பிரித்தானியாவின் மருத்துவ விஞ்ஞான அக்கடமி கிளினிக்கல் விரிவுரையாளர்களுக்குக் கொடுக்கும் தொடக்க நிதி 30,000 பவுண் வரை. எங்கள் ஐந்து இலட்சத்தை அவற்றுக்குப் பக்கத்தில் வைக்கவே கூச்சமாக இருக்கும்.

ஆனால் இந்த நிதியின் பெறுமதி தொகையில் இல்லை, அதன் ஒரு விதியில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு இளைய மருத்துவர் ஆய்வுக்குள் வரும் வழி எல்லாருக்கும் தெரியும். பேராசிரியர் ஒருவருடைய திட்டத்தில் சேர்வார், வார்டு வார்டாக ஏறி இறங்கிப் படிவம் நிரப்புவார், இரத்தம் எடுப்பார், கட்டுரை வரும்போது பெயர் நாலாவதோ ஐந்தாவதோ இடத்தில் இருக்கும். அதில் தவறில்லை, தொழில் பழகுவது அப்படித்தான், என்னைப் பழக்கிய பெரியவர்களை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படியே பத்து வருடம் போய்விட்டால் சொந்தமாகக் கேள்வி கேட்கும் பழக்கமே வராமல் போகிறது. எந்த நோயாளியைச் சேர்ப்பது, எந்தப் பரிசோதனையை விடுவது, காசு இறுகினால் எதை வெட்டுவது, எதை எந்த நிலையிலும் வெட்டக்கூடாது என்ற முடிவுகளைத் தானே எடுத்து, அதற்குத் தானே பதில் சொல்லிப் பழகாத ஒருவர் எப்படிச் சுயாதீன ஆய்வாளராக முடியும்? இந்த நிதியில் விண்ணப்பிப்பவர்தான் முதன்மை ஆய்வாளர். மூத்தவர் ஒருவர் வழிகாட்டியாகக் கையெழுத்துப் போடலாம், வேண்டிய அளவு ஆலோசனை சொல்லலாம், ஆனால் காசை எதற்குச் செலவழிப்பது என்று சொல்ல முடியாது, இடையில் முதன்மை ஆய்வாளராக மாறவும் முடியாது. இந்த ஒரு விதிக்காகவே அந்தத் திட்டத்தை எழுதியவரைக் கும்பிடலாம். என் வழிகாட்டி ஆரம்பத்தில் இதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார், பிறகு "சரி பிள்ளை, நீரே முடிவெடும், பிழைத்தால் வந்து கதையும்" என்றார். அப்படிச் சொல்லும் பெரியவர் கிடைப்பது பெரிய பாக்கியம். எல்லாருக்கும் கிடைப்பதில்லை, அதனால்தான் அது விதியாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

என் ஆய்வு பாம்புக்கடியைப் பற்றியது. கண்ணாடி விரியன் கடித்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, மருந்தேற்றிச் சுகமாகி வீட்டுக்குப் போனவர்களுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. 2012, 2013 காலத்தில் நாடு முழுவதும் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் வருடத்துக்கு ஏறக்குறைய 80,000 பாம்புக்கடிகள், அதில் 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது, 400க்கு மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2017இல் பாம்புக்கடி விஷத்தைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இறப்பவர்களை எண்ணுகிறோம், எண்ணத்தான் வேண்டும். ஆனால் பிழைத்து வீட்டுக்குப் போனவருடைய சிறுநீரகத்தை யார் பார்க்கிறார்கள்? சிறுநீரகக் குறைபாடு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை நாட்பட்ட நோய் என்று சொல்லலாம். அப்படியென்றால் மூன்று மாதம் கழித்து அந்த ஆளைத் திரும்பப் பார்த்தே ஆகவேண்டும், முடிந்தால் ஒரு வருடம் கழித்தும்.

இப்படிப்பட்ட கேள்விக்குக் கோடிக்கணக்கில் தேவையில்லை என்பதை விண்ணப்பம் எழுதும்போதே கண்டேன். பாம்புக்கடியில் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒரு தரம் சரித்துப் பார்ப்பது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் குழாயில் செய்யக்கூடாது, ஏனென்றால் கண்ணாடியின் மேற்பரப்புத்தான் உறைதலைத் தொடக்கிவிடுகிறது. சவர்க்காரத்தால் கழுவிய பழைய குழாயும் சரிவராது, நல்ல இரத்தம்கூட உறையாமல் நின்று பொய் சொல்லும். ஆகவே என் பட்ஜெட்டில் முதல் வரி புதிய கண்ணாடிக் குழாய்கள். விலை அற்பம், ஆனால் ஆய்வின் பாதி நம்பகத்தன்மை அதில்தான் நிற்கிறது. இதேபோல, டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமல்ல, உவர் நீரிலும் பெருகும் என்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரங்களில் தேடிப் பார்த்து 2011இல் வெளியிட்டார்களே, அதற்குப் பின்னால் இருந்ததும் எறிந்து கிடந்த பாத்திரங்களுக்குள்ளும் கிணறுகளுக்குள்ளும் குனிந்து பார்த்த கண்கள்தான். இங்கே வாழ்பவருக்குத்தான் இந்தக் கேள்விகள் தோன்றும்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். படிவம் நீளமில்லை, ஆனால் ஒழுங்காகக் கேட்கிறார்கள். மதிப்பாய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பேர் வாசித்துக் கருத்து எழுதியிருந்தார்கள், ஒருவர் நிச்சயமாகப் புள்ளிவிவரவியல் தெரிந்தவர். கடி வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குப் பிறகு திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள், வராதவர்கள்தான் கூடுதலாக நோயுற்றவர்கள் என்றால் உங்கள் முடிவு எந்தப் பக்கம் சரியும் என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி ஒன்றுக்காகவே, காசு கிடைக்காமல் போயிருந்தாலும் விண்ணப்பித்தது வீணாகியிருக்காது. ஆய்வின் வடிவமே அதற்குப் பிறகுதான் இறுகியது.

காசு கிடைக்காதவர்களுக்கு இந்தக் கருத்துகளை அனுப்புவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என்னோடு சேர்ந்து விண்ணப்பித்த ஒரு தங்கைக்கு வந்தது ஒற்றை வரி ஈமெயில், தெரிவு செய்யப்படவில்லை என்று. இது பெரிய அநியாயம். நெதர்லாந்தில் இளைய விஞ்ஞானிகளுக்கான நிதியை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. தெரிவுக்கான புள்ளி எல்லைக்குச் சற்று மேலே நின்று வென்றவர்களும் சற்றுக் கீழே நின்று தவறவிட்டவர்களும் திறமையில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அடுத்த எட்டு வருடத்தில் வென்றவர்களுக்குக் கிடைத்த நிதி மற்றவர்களுக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு ஒரு காரணம், தோற்றவர்கள் பிறகு விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டது. என்.ஐ.எச். விண்ணப்பங்களை வைத்து 2019இல் வந்த இன்னொரு ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது. ஆரம்பத்தில் மயிரிழையில் தவறவிட்டவர்களில் ஒரு பகுதியினர் அந்த நிதி அமைப்பைவிட்டே காணாமல் போனார்கள், ஆனால் விடாமல் நின்றவர்கள், மயிரிழையில் வென்றவர்களைவிடப் பின்னாளில் கூடுதல் தாக்கமுள்ள கட்டுரைகளை எழுதினார்கள். அப்படியானால் தவறவிட்ட பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதுதான் ஒரு நிதித் திட்டத்தின் பெரிய வேலை. இரண்டு பக்கக் கருத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள், அதை அனுப்ப ஒரு சதம் செலவில்லை. தயவுசெய்து அனுப்புங்கள்.

இனிக் காசு. முதல் தவணை சுணங்கித்தான் வந்தது. அறைக்குள் இருந்து செய்யும் ஆய்வென்றால் இரண்டு மாதம் முன்பின் ஆனால் பரவாயில்லை, பாம்புக்கு அது தெரியாது. மாரிமழையும் வயல் வேலையும் சேரும் மாதங்களில் கடி கூடும். அந்த நேரம் கையில் கிட் இல்லாவிட்டால் அடுத்த மாரிவரை காத்திருக்கவேண்டும், இரண்டு வருட நிதியில் ஒரு மாரி போனால் பாதி ஆய்வு போன மாதிரி. எனக்குக் கிட் வந்து சேரும்போது மழை பாதி முடிந்துவிட்டது. விவசாயம், மழை, நுளம்பு, பாம்பு சம்பந்தப்பட்ட ஆய்வுகளுக்கு ஆரம்பத் திகதியை ஆய்வாளரே தெரிவு செய்ய விடவேண்டும் என்று அறிக்கையிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கொள்வனவு இன்னொரு தலையிடி. எதை வாங்கினாலும் மூன்று கொட்டேசன், அதாவது மூன்று இடத்து விலைக்கூறல், வேண்டும் என்பது விதி. சிறுநீரில் என்.ஜி.ஏ.எல். என்ற புரதத்தை அளக்கும் எலைசா என்ற ஆய்வுகூடப் பரிசோதனைக் கிட் எனக்குத் தேவைப்பட்டது, சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கிரியேற்றினின் என்ற கழிவு இரத்தத்தில் ஏறுவதற்கு முன்பே சிறுநீரகம் அடிபடுவதை அது காட்டிக்கொடுக்கும். எனக்கு வேண்டிய வகையைக் கொழும்பில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னவர்கள் இரண்டே முகவர்கள். மூன்றாவது கொட்டேசனுக்கு எங்கே போவது? கடிதம், விளக்கம், இன்னொரு கடிதம் என்று அது இழுத்தது. விலையும் 2022க்குப் பிறகு பழைய விலை இல்லை. அந்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது, இறக்குமதிப் பொருள் எல்லாம் அதனோடு சேர்ந்து ஏறியது, ஆனால் இந்தத் திட்டத்தின் உச்சவரம்பு அதற்கு முன்னர் போட்டது, இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு கிட்டில் வரும் தட்டில் 96 குழிகள் என்று கேட்டால் நிறையப் போலத் தோன்றும். ஒப்பிட்டு அளப்பதற்கான தரநியமக் கரைசல்களை இரண்டிரண்டாக வைத்து, நோயாளிகளின் மாதிரியையும் இரண்டிரண்டாக வைத்தால், ஒரு தட்டில் 40 பேருக்குக் கிட்டத்தான் பார்க்கலாம். ஆகவே ஒரு கிட் என்பது ஒரு தட்டு, ஒரு தட்டு என்பது 40 பேர், அவ்வளவுதான். இனி விண்ணப்பிப்பவர்கள் பட்ஜெட் போடும்போது இதை மறக்கவேண்டாம். 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்கவேண்டிய கிட், ஐஸ் பை வைத்த றெஜிபோம் பெட்டியில் இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வரும், விடிய பஸ் நிலையத்தில் நின்று எடுத்து நேரே குளிர்சாதனப் பெட்டிக்குக் கொண்டோட வேண்டும். அந்தப் பாசல் கூலியையும் பட்ஜெட்டில் ஒரு வரியாகப் போடுங்கள், தருகிறார்கள்.

அவர்கள் தர மறுத்தது நோயாளிகளின் பயணச் செலவை. என் ஆய்வுக்கு அதுதான் உயிர். புத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரர், இரவில் மோட்டர் போடப் போன இடத்தில் விரியன் கடித்தவர், நன்றாகத் தேறி வீட்டுக்குப் போனவர், மூன்று மாதப் பரிசோதனைக்கு வரவில்லை. போன் எடுத்தால் மனைவிதான் கதைத்தார். "பிள்ளை, அவர் இப்ப நல்லா இருக்கிறார். இறைப்பு நாளில ஆசுபத்திரிக்கு எப்பிடி வாறது? ஓட்டோக்காரனுக்கு ஆர் குடுக்கிறது?" நியாயமான கேள்வி. சுகமாக இருக்கும் ஒரு மனிதர், எங்களுடைய கேள்விக்காகத் தன் ஒரு நாள் உழைப்பை விட்டு, கைக்காசும் போட்டு ஏன் வரவேண்டும்? நிதி அலுவலகத்தில் கேட்டபோது ஒரு அலுவலர், "டொக்டர், ஓட்டோவுக்கு ரிசீட் இல்லாட்டி நாங்கள் ஓடிட்டுக்கு என்ன சொல்லுறது?" என்றார். அவர் நிலைமையும் புரிகிறது. இருந்தாலும் விடவில்லை. தூரத்துக்கு ஏற்ப ஒரு நிலையான தொகை, பங்கேற்பாளர் கையெழுத்திட்ட படிவம், ஆய்வு நெறிமுறையைப் பார்க்கும் எதிக்ஸ் குழுவின் ஒப்புதல், மூன்றையும் சேர்த்து எழுத்தில் கேட்டேன். நோயாளியின் பயணச் செலவைத் திருப்பிக் கொடுப்பது நெறிமுறைப்படி சரியான காரியம்தான், அது கையூட்டல்ல என்று விளக்கமும் வைத்தேன். கடைசியில் அனுமதித்தார்கள். அதற்குப் பிறகு திரும்பி வருபவர்கள் தெளிவாகக் கூடினார்கள். மூத்த ஒருவருடைய திட்டத்தில் உதவியாளராக இருந்திருந்தால் இதற்காக வாதாடும் உரிமை எனக்கு இருந்திருக்காது. சுயாதீனம் என்று நான் சொல்வது இதைத்தான்.

நேரம் என்ற விஷயத்தில் இந்தத் திட்டம் முழுத் தோல்வி. கிளினிக், வார்டு, விரிவுரை, பரீட்சைத் தாள் எல்லாம் முடிந்து மிஞ்சும் நேரத்தில்தான் ஆய்வு. அமெரிக்காவில் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் கே08, கே23 விருதுகளில், வேலை நேரத்தில் 75 சதவீதமாவது ஆய்வுக்கென்று ஒதுக்கவேண்டும் என்பது நிபந்தனை, அதற்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியையும் விருதே தாங்குகிறது. அந்த அளவுக்கு இங்கே கேட்கவில்லை, கேட்டால் வார்டை யார் பார்ப்பது? வாரத்தில் ஒரு அரை நாள் இவரை வேறு வேலைக்கு அழைக்கமாட்டோம் என்று நிறுவனத் தலைவரிடம் ஒரு கையெழுத்து வாங்கினாலே போதும். அது காசில்லாத உதவி, ஆனால் ஐந்து இலட்சத்தைவிடப் பெரியது.

அடுத்த குறை, முடிந்த பிறகு ஒன்றுமில்லாதது. நிதி முடிகிறது, அறிக்கை கொடுக்கிறோம், நன்றிக் கடிதம் வருகிறது, அதோடு சரி. அமெரிக்காவில் ஆர்03ஐ முடித்தவர், அதில் எடுத்த ஆரம்பத் தரவைக் காட்டி ஆர்01 என்ற பெரிய நிதிக்குப் போவார், சிறு நிதியைக் கொடுப்பதே அந்த நோக்கத்தோடுதான். 2006இல் கொண்டுவந்த கே99/ஆர்00 என்ற ஏற்பாட்டில், வழிகாட்டியின் கீழ் இரண்டு வருடம் வரை, பிறகு சொந்த இடத்தில் மூன்று வருடம் வரை என்று இரண்டு கட்டத்தையும் ஒரே விருதிலேயே இணைத்துவிட்டார்கள். அவ்வளவு ஏணி வைத்திருக்கும் நாட்டிலேயே முதல் ஆர்01 கிடைக்கும் சராசரி வயது நாற்பதைத் தாண்டிவிட்டது என்று கவலைப்படுகிறார்கள். எங்களுக்கு ஐந்து இலட்சத்துக்கு அடுத்த படி நேரே தேசிய மட்ட நிதிதான், தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிச் சபை என்று. அங்கே நாடு முழுவதிலுமிருந்து, பெரிய ஆய்வுகூடங்களில் இருப்பவர்களோடும் போட்டி. இடையில் ஒரு படி வேண்டும். சிறு நிதியை நேரத்துக்கு முடித்து, கணக்கும் சரியாகக் காட்டி, ஒரு கட்டுரையும் அனுப்பியவர்களுக்கு மட்டும், இதைப்போல மூன்று மடங்கு. வருடத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுத்தாலே போதும், ஆள் இங்கேயே நிற்பார். அடுத்த படி இல்லாததால்தான் பலர் மேற்படிப்புக்கென்று லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் போய், அங்கேயே நின்றுவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது, போர்க் காலத்திலும் மருத்துவர்களை உருவாக்கிக்கொண்டே இருந்தது. அப்படி உருவானவர்களில் ஆய்வில் விருப்பமுள்ளவர்களை இங்கே வைத்திருக்க, இன்னும் கொஞ்சம் காசும் கொஞ்சம் ஒழுங்கும் போதும் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

புள்ளி போடுவதென்றால் ஐந்துக்கு மூன்றரை. முதன்மை ஆய்வாளர் விதிக்கும் மதிப்பாய்வின் தரத்துக்கும் முழுப் புள்ளி. தவணைச் சுணக்கம், மூன்று கொட்டேசன் பிடிவாதம், தவறவிட்டவர்களுக்கு ஒற்றை வரி, முடிந்த பிறகு வழியில்லாதது, இவற்றுக்காக வெட்டினேன். தொகை குறைவு என்பதற்காக நான் வெட்டவில்லை.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எதிக்ஸ் விண்ணப்பத்தை நிதி முடிவுக்குக் காத்திராமல் முன்னரே போடுங்கள், அது இல்லாமல் முதல் தவணை விடமாட்டார்கள். கொட்டேசனில் செல்லுபடியாகும் திகதியைப் பாருங்கள், டொலர் ஆடும் நாட்டில் ஒரு மாதக் கொட்டேசன் உதவாது, மூன்று மாதத்துக்குக் கேட்டு வாங்குங்கள். பட்ஜெட்டில் நோயாளிப் பயணச் செலவைத் தனி வரியாக, நியாயத்தோடு, ஆரம்பத்திலேயே எழுதுங்கள். வழிகாட்டியாக ஒரு மூத்தவரைக் கேட்கும்போது, காசு விஷயத்தில் முடிவு என்னுடையது என்பதை மரியாதையாக, ஆனால் வெளிப்படையாகக் கதைத்துவிடுங்கள். ஒற்றை வரி ஈமெயில் வந்தால் மதிப்பாய்வாளர் கருத்தை அனுப்பச் சொல்லித் திரும்ப எழுதுங்கள். அந்தத் தங்கை அப்படி எழுதிக் கேட்டார், சற்றுத் தாமதமாக என்றாலும் அனுப்பினார்கள், அடுத்த சுற்றுக்கு அவர் இப்போது அதை வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.